ஒரு மண்ணும் தெரியாது

ஒருவனை அறிவில்லாதவன் என்று சொல்ல நம்முடைய பாஷையில் மண்ணைத்தான் துணைக்கு அழைக்கிறோம். "அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது" என்கிறோம். மூளை இருக்கவேண்டிய இடத்தில் களிமண் இருப்பதாகச் சொல்கிறோம். காரியம் கெட்டால் மண்ணாய்ப் போயிற்று. பிழைப்புக் கெட்டால் வாயில் மண் விழுந்தது. காலடியிலேயே கிடப்பதால் வந்த இளக்காரம்!

ஆனால் அந்த முதல் வசவை வசவாக எடுத்துக்கொள்ளாமல் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டால், நம்மில் பெரும்பாலோருக்கு அது அட்சரம் பிசகாமல் பொருந்தும். எதிர்வீட்டு வக்கீலுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அடுத்த தெரு டாக்டருக்கும் தெரியாது. கதை எழுதுகிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 'மண்வாசனை' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை வருஷம் காலட்சேபம் செய்திருக்கிறோம்! அந்த வாசனைக்கு 1964-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் 'பெட்ரிகோர்' என்று பெயர் சூட்டினார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருளுக்கு அந்த வாசனையில் பெரிய பங்கு உண்டு. இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் என் அண்ணன் மகள். அவள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விவசாயப் படிப்புப் படிக்கிறாள்.

அவளால்தான் இந்தக் கட்டுரையே. இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள் அண்ணாவுக்கு டெலிபோன் செய்து அழுதிருக்கிறாள். மண்ணியல் பாடத்துக்குப் புதிதாக ஓர் ஆசிரியை வந்திருக்கிறாராம். பாடமே நடத்துவதில்லையாம். கேள்வி கேட்கிறாராம், பதிலைச் சொல்வதில்லையாம். "நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள்" என்று விட்டுவிடுகிறாராம். பள்ளிக்கூடத்தில் முதல் மூன்று இடங்களுக்குக் கீழே இறங்கியறியாத பெண் அவள். "என்ன படிக்கறதுன்னே தெரியல்லே அப்பா. நோட்டுலே ஒண்ணுமே இல்லே" என்று விசும்பினாளாம்.

அண்ணா ரிட்டயரான கணக்கு ஆபீஸர். சம்பளம் வாங்குகிறவன் வேலை செய்யவேண்டும் என்ற தர்மத்தில் ஊறியவர். "பணத்தைக் கட்டிட்டு எம்பொண்ணே பாடம் நடத்திக்கணும்னா வாத்தியார் எதுக்குடா? நீ அந்தப் பக்கம் போறப்போ பார்த்துட்டு வா. ஒரு மகஜர் எழுதிப் போட்டுடலாம்" என்றார். மகஜர் எழுதுவதற்குக் குடும்பத்தில் ஓர் எழுத்தாளன் இருப்பது சௌகரியந்தானே?

நான் காலேஜில் இரண்டே வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். அந்த இரண்டு வருஷத்தில் எங்களுக்கு ரசாயனம் சொல்லித்தந்தவர், ஓரம் மஞ்சளேறிய ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவருவார். படிப்பார். எழுதிக்கொள்வோம். கமா, புல்ஸ்டாப் உட்படச் சொல்வார். அதனால் விட்டுப்போகிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் பேரில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அவ்வளவு அழகான குரல். அவர் சொன்னதில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்டால் அந்தக் குரலைத்தான் சொல்லவேண்டும்.

ஆகவே கொஞ்சம் திறந்த மனசோடுதான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியைக்கு ஐம்பது வயசு இருக்கும். பருத்திப் புடவை, கான்வாஸ் ஜோடு. எழுத்தாளர் என்றதும் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. "பின்பெஞ்சில் உட்காருங்கள் சார். ஆனால் நீங்களும் கை தூக்கணும்" என்றார். மேஜைமேல் இரண்டு கண்ணாடி ஜாடிகளில் தண்ணீர், பக்கத்தில் காய்ந்த இரண்டு மண்கட்டிகள். ஒன்று வருஷக்கணக்காக டிராக்டர் உழுத வயலிலிருந்து எடுத்தது. கல் மாதிரி இருந்தது. மற்றொன்று வரப்போரத்துப் புங்கமரத்தடியில், ஏர் படாத இடத்திலிருந்து எடுத்தது. இலைச்சருகும் வேர்த்துணுக்குமாகப் பொலபொலவென்று இருந்தது. இரண்டையும் தண்ணீரில் போட்டால் எது முதலில் கரையும்? இதுதான் கேள்வி.

ஒரு நிமிஷம் யாரும் பேசக்கூடாது. பிறகு கை தூக்கவேண்டும். பெரும்பாலோர் மரத்தடி மண்ணுக்குத் தூக்கினார்கள். நானும் அந்தக் கட்சிதான். அப்புறம் பக்கத்தில் இருப்பவரைத் தன் கட்சிக்கு இழுக்கச் சொன்னார் ஆசிரியை. வகுப்பு சந்தைக்கடையாயிற்று. எனக்குப் பக்கத்துப் பையன், "சார், கெட்டியா இருக்கறதும் சேர்ந்து இருக்கறதும் ஒண்ணா?" என்று ஒரு போடு போட்டான். பதில் சொல்ல வரவில்லை. மறுபடி கை தூக்கினபோது கணக்கு மாறியிருந்தது. அதற்குப் பிறகுதான் கட்டிகள் தண்ணீரில் இறங்கின.

கல் மாதிரி இருந்த வயல்மண் இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் கஞ்சியாகக் கரைந்து அடியில் படிந்தது. மரத்தடி மண் அப்படியே உட்கார்ந்திருந்தது. வகுப்பு முடிகிறவரையில் உட்கார்ந்திருந்தது.

"ஏன் மேடம்?" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன. ஆசிரியை காத்திருந்தது அந்தக் கேள்விக்காகத்தான் என்று நினைக்கிறேன். பத்தே நிமிஷம் பேசினார். காய்ந்த கட்டியின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. தண்ணீர் நாலாபக்கமும் புகுந்து அந்தக் காற்றை நெருக்க, அது கட்டியை உள்ளிருந்து வெடிக்கச் செய்கிறது. மரத்தடி மண்ணைக் காளானின் நூலிழைகளும் சன்னமான வேர்களும், மக்கிய பொருளும் நுண்ணுயிர்களும் தரும் பசையும் கட்டிப்போட்டிருக்கின்றன; அது வெடிப்பதில்லை. வயலில் மழை விழும்போதும் இதே கதைதான். உதிர்ந்த பொடி, மேல்மண்ணின் துவாரங்களை அடைத்துவிடும். தண்ணீர் உள்ளே இறங்காமல் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும்.

கேள்வி கேட்காமலே இந்தப் பத்து நிமிஷத்தைப் பேசியிருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். அண்ணா கேட்டார். பேசியிருக்கலாம், எங்களுக்கு அது தேவைப்பட்டிராது, அவ்வளவுதான். பந்தயம் கட்டித் தோற்றவனுக்குத்தான் ஏன் தோற்றோம் என்று தெரியாமல் தூக்கம் வராது.

இது அந்த அம்மாளின் சொந்தக் கற்பனை அல்ல. 2014-ல் அமெரிக்காவில் சிலர், விஞ்ஞானமும் கணிதமும் எஞ்சினீயரிங்கும் கற்பிக்கும் கல்லூரி வகுப்புகளைப் பற்றிய 225 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறுமனே பிரசங்கம் கேட்ட வகுப்புகளில் நூற்றுக்கு 34 பேர் தவறினார்கள். மாணவர்களையே ஏதாவது செய்யவும் விவாதிக்கவும் விட்ட வகுப்புகளில் 22 பேர்தான். எனக்கு இதைவிட ரசமாகப் பட்டது வேறொன்று. ஹார்வர்டு பௌதிக வகுப்பில் ஒரே பாடத்தை ஒரு கூட்டத்துக்கு நல்ல பிரசங்கமாகவும், மற்றொரு கூட்டத்துக்குக் குழுவாக உட்கார்ந்து கணக்குப் போடச் சொல்லியும் நடத்தி, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். பரீட்சையில் கணக்குப் போட்டவர்கள்தாம் அதிகம் வாங்கினார்கள். 'நிறையக் கற்றுக்கொண்டோம்' என்று சொன்னவர்களோ, பிரசங்கம் கேட்டவர்கள்! வழுக்கிக்கொண்டு போகும் பேச்சைக் கேட்கையில் நமக்கே எல்லாம் புரிந்துவிட்டதாக ஒரு சுகம் உண்டாகிறது. சங்கீதக் கச்சேரி கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறபோது நாமே பாடிவிடலாம் போலிருக்குமே, அந்தச் சுகம்.

என் அண்ணன் மகளின் அழுகைக்கு இதில் முழு விளக்கமும் இருக்கிறது என்று அன்றிரவே அண்ணாவுக்கு டெலிபோன் செய்தேன்.

"ஹார்வர்டு கிடக்கட்டும். பரீட்சைக் கேள்வித்தாள் யார் போடறா? அதைச் சொல்லு" என்றார்.

அதிலும் நியாயம் இருக்கிறது. கேள்வித்தாள் இன்னும் பழைய மாதிரிதான்: இதற்கு இலக்கணம் கூறுக, அதன் வகைகளை விவரிக்க. ஆசிரியையும் இதை மறைக்கவில்லை. "இப்படி நடத்தினால் பாடத்திட்டத்தில் பாதிக்குத்தான் நேரம் இருக்கும். மீதியை வீட்டில் படித்துக்கொண்டு வரச் சொல்கிறேன். பாதிப் பேர் படிப்பதில்லை" என்றார். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் பின்பெஞ்சில் நாலு பேர் சினிமாவைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். எதையும் வானளாவப் புகழ்ந்துவிடக் கூடாது.

மறுநாள் விரல் வித்தை. மண்ணில் மணல், வண்டல், களி என்று மூன்று பருமன்கள். மணல் கண்ணுக்குத் தெரியும். களி ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறியது. இவை எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று சோதனைச்சாலையில் கண்டுபிடிக்க நாளாகும். விரல் சில நிமிஷத்தில் சொல்லிவிடும். ஒரு கைப்பிடி மண்ணைச் சொட்டுச் சொட்டாக நனைத்துப் பிசைந்து உருட்டி, கட்டைவிரலால் ஆள்காட்டிவிரல்மேல் தள்ளித் தள்ளி நாடாவாக நீட்டவேண்டும். இரண்டரை சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால் களி குறைவு. ஐந்து வரை போனால் நடுத்தரம். ஐந்தையும் தாண்டித் தொங்கினால் களிமண். நெறுநெறுவென்றால் மணல் மிகுதி. கோதுமை மாவு மாதிரி வழவழத்தால் வண்டல். கேட்க எளிது. அளவு முன்பே தெரிந்த மண்களைக் கிண்ணம் கிண்ணமாக வைத்துக்கொண்டு விரலைப் பழக்கவேண்டும், சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு குரலைப் பழக்குகிற மாதிரி.

என் அண்ணன் மகள் ஆயுசில் சப்பாத்தி மாவு பிசைந்தவள் அல்ல. அவள் கையில் எல்லாம் சேறாயிற்று. பக்கத்தில் அந்தப் பையன், என்னை மடக்கினவன், கண்ணை மூடிக்கொண்டு உருட்டினான். "இது புட்டு மாவு பதம், மேடம். பிடிச்சா நிக்கும், தொட்டா உதிரும்" என்றான். அடுத்ததற்கு, "இது முறுக்கு மாவு." இரண்டும் சரி. முதல் வருஷம் இங்கிலீஷ்ப் பிரசங்கம் புரியாமல் மூன்று பேப்பரில் தவறினவனாம் அவன். தகப்பனார் ஆடு வைத்திருக்கிறார். இவள் அவனிடம் போய், "எனக்குக் கொஞ்சம் காட்டேன்" என்று கேட்டாள். இதைக் கேட்க அவளுக்கு எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்று எங்கள் குடும்பத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள்தான் குழி. மண்ணைப் படிக்கக் குழியில் இறங்கவேண்டும் என்று உலகத்துக்குக் காட்டியதில் முதல் மரியாதை ருஷ்யாவின் டோகுசாயெவுக்கு. அந்நாட்டுக் கரிசலைப் பற்றி 1883-ல் அவர் எழுதிய நூலோடு இந்தச் சாஸ்திரம் பிறந்ததாகச் சொல்வார்கள். மண் என்பது பொடிந்த பாறை மட்டுமல்ல. பருவமும் உயிர்களும் மேடுபள்ளமும் காலமும் சேர்ந்து சமைத்த ஒரு தனிப் பிறவி. அதன் சரித்திரம் மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக எழுதியிருக்கிறது என்றார் அவர். அமெரிக்கர்கள் தங்கள் வழக்கப்படி இதை ஒரு பந்தயமாகவே ஆக்கிவிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கான தேசிய மண் கணிப்புப் போட்டி 1961-ல் கென்டக்கி மாகாணத்து லெக்சிங்டனில் தொடங்கியது. குழியில் இறங்கிப் பார்த்து, குறித்த நேரத்துக்குள் அடுக்குகளைப் பிரித்து, நிறமும் பதமும் எழுதி, இந்த நிலம் எதற்கு உதவும் என்று சொல்லவேண்டும். குழிச்சுவரில் ஒரு பட்டையை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று நாடா கட்டி ஒதுக்கியிருப்பார்கள். அது அளவுக்கான சாட்சி. 2014-ல் தென்கொரியாவின் ஜேஜு தீவில் உலக மண்ணியல் மாநாட்டை ஒட்டி இதைச் சர்வதேசப் போட்டியாகவும் நடத்தினார்கள். நம் ஆசிரியை அந்த விதிகளைத்தான் எடுத்துக்கொண்டு, பரிசை மட்டும் விட்டுவிட்டார்.

கல்லூரியிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில், ஒரு விவசாயியின் காட்டில் குழி வெட்டியிருந்தது. அங்கே புன்செய் நிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். ஐந்தடி ஆழம், இறங்கப் படி செதுக்கியிருந்தது. காட்டுக்காரர் தலைத்துண்டை மடியில் போட்டுக்கொண்டு குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு ஏக்கரில் தென்னை வைக்கத் தீர்மானித்திருந்தார். கன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. சொட்டுநீர்க் குழாய்க்காக வீட்டம்மாளின் நகை கூட்டுறவு வங்கிக்குப் போயிருந்தது. வைக்கலாமா என்று கேட்கத்தான் தம் நிலத்தில் குழி வெட்டச் சம்மதித்திருந்தார். இது பரீட்சையில் வராத கேள்வி. இதற்கு விடைப்புத்தகம் கிடையாது. ஆசிரியைக்கே முன்கூட்டித் தெரியாது.

முதல் அரைமணி ஒருவரோடொருவர் பேசக்கூடாது. கத்தியால் சுவரைச் சுரண்டி, கட்டியை எடுத்து, நிறப்புத்தகத்தை வெயிலில் பிடித்துப் பொருத்திப் பார்த்தார்கள். அந்தப் புத்தகத்தின் முறையை வகுத்தவர் மன்செல் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர். 1905-ல் நிறங்களுக்கு எண் கொடுக்க ஒரு வழி கண்டுபிடித்தார். பிற்பாடு மண்ணியல்காரர்கள் அதைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். நாம் செம்மண் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதற்கு அதில் பக்கம் பக்கமாகச் சாயல்கள். மேல்மண் கரும் செம்பழுப்பு என்று எண்ணோடு எழுதிக்கொண்டார்கள். இரண்டரை அடிக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் நெருக்கமாகப் பதிந்திருந்தன. நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டதும் சோடா மாதிரி சீறியது.

பிறகு நாலு நாலு பேராகச் சண்டை. 'அதுதான் சுண்ணாம்பு அடுக்கு; அதற்குக் கீழே வேர் போகாது' என்று ஒரு கட்சி. 'போகும், இடைவெளி இருக்கிறது' என்று இன்னொரு கட்சி. அப்போது ஆடுகாரர் மகன் குந்தி உட்கார்ந்து சுவரைத் தடவிக்கொண்டிருந்தவன், "வேலிக் கருவேல வேரைப் பாருங்க" என்றான். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நேராக இறங்கி வந்த வேர், வெள்ளை அடுக்கைத் தொட்டதும் பாய் விரித்த மாதிரி படுத்துப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. கருவேலே போகாத இடத்தில் தென்னை எங்கே போகும்?

"சரி. இப்போது இவரிடம் சொல்லுங்கள். தமிழில்" என்றார் ஆசிரியை, காட்டுக்காரரைக் காட்டி.

என் அண்ணன் மகளைத்தான் முன்னே தள்ளினார்கள். "ஐயா, உங்க நிலத்திலே கால்கேரியஸ்..." என்று ஆரம்பித்து நின்றாள். "கால்சியம் கார்பனேட்..." மறுபடி நின்றாள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கும் பெண், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் தத்தளித்தாள்.

காட்டுக்காரர் எட்டி அந்த உருண்டையில் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தார். "சுக்கானைச் சொல்றீங்களா, கண்ணு? அந்த மூலைல எங்கய்யன் கெணறு வெட்டறப்ப கடப்பாரையே மழுங்கிப் போச்சுங்க" என்றார். பிறகு, "தென்னை வெக்கலாங்களா, வேண்டாங்களா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள், ஆசிரியையைப் பார்த்தாள். இருவரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம். அவள் சொன்னது இதுதான்: "கிணறு மேட்டு மூலையிலேதானே ஐயா? இந்தக் குழியும் மேட்டுப் பக்கம். கீழ்ப்பக்கத்தையும் பார்க்காமே சொல்லக்கூடாது." சொல்லிவிட்டு, திருகித் துளைக்கும் இரும்புக் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவர் முன்னே போனார், எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே சோளம் குட்டையாக வரும் என்று காட்டிக்கொண்டு. ஏழு இடத்தில் துளைத்தார்கள். மேட்டில் இரண்டடி, இரண்டரை அடியில் கருவி கறகறவென்று நின்றது. பள்ளத்தில் நாலடி போயும் சுக்கான் வரவில்லை. ஆனால் நாடா நீளமாக வந்தது, களி அதிகம். மழைக்காலத்தில் அங்கே மூன்று நாள் தண்ணீர் நிற்கும் என்று அவரே சொன்னார்.

வரப்பில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் நிலத்தைப் படம் போட்டு, நடுவே கோணலாக ஒரு கோடு இழுத்தாள். "இதுக்கு மேலே வேண்டாம், ஐயா. சோளமோ கொள்ளோ போடுங்க. கீழே வைக்கலாம். ஆனா முதல்லே தண்ணி வடிய வாய்க்கால் எடுக்கணும். எடுக்காமே வைக்காதீங்க." ஓர் இங்கிலீஷ் வார்த்தை இல்லை. ஆசிரியை அந்தப் படத்தை வாங்கிப் பார்த்து, கோட்டை ஓர் இடத்தில் மட்டும் நாலு கஜம் தள்ளிப் போட்டார்.

காட்டுக்காரர் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயே நின்று நாற்றுப்பண்ணைக்கு டெலிபோன் போட்டார். பாதிக் கன்று போதும் என்றார். மறுமுனையில் அட்வான்ஸ் திரும்பாது என்று சொன்னார்கள் போலிருக்கிறது, வெகுநேரம் வாதாடினார். மாணவர்கள் கை கழுவ பம்புசெட்டுப் பக்கம் கிளம்பினார்கள்.

"குழியை மூடிட்டுப் போங்க, கண்ணு. ராத்திரி மாடு கீடு விழுந்துரும்" என்றார் அவர், டெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு.

மண்வெட்டிகள் வந்தன. அவசரமாகக் கிட்டத்தில் இருந்த குவியலிலிருந்து தள்ள ஆரம்பித்த இருவரை என் அண்ணன் மகள் அதட்டி நிறுத்தினாள். வெட்டும்போது மேல்மண் ஒரு பக்கமும் அடிமண் மறுபக்கமுமாகக் குவித்திருந்தார்கள். சுக்கான் கலந்த வெள்ளை மண் முதலில் போகவேண்டும், மேல்மண் கடைசியில். அந்த வரிசையில் நிரப்ப இன்னும் அரைமணி பிடித்தது. பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.